பாயம்மா கடைக்கு முதல் பஸ்

“ஸ்டார்ட் பண்ணாதீங்க. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கினே போங்க. பையன் முழிச்சிக்குவான்.”

டி.வி.எஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்தபடி அன்பரசி கிசுகிசுத்தாள். ஆதிநாராயணன் மறுபேச்சில்லாமல் தள்ளினார். எழுபது வயதில் ஆளோடு சேர்த்து வண்டியைத் தள்ளுவது லேசான காரியமில்லை. ஆனால் எட்டு மாதத்தில் அவள் அவ்வளவு இளைத்திருந்தாள். அவர் பயந்ததெல்லாம் கேட்டின் கொண்டிக்குத்தான். திறக்கும்போது ஊரையே எழுப்பும் கொண்டி அது. முந்தின நாள் சாயங்காலமே அதற்குத் தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருந்தார்.

ஆனி மாதத்து ஐந்து மணி. ஆலங்காயத்துக்குக் கிழக்கே மலையின் விளிம்பு அப்போதுதான் சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கியிருந்தது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் இடுப்பையும் அவள் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“கல்யாணத்துல போட்ட முடிச்சுகூட இவ்ளோ இறுக்கமா இல்ல” என்றாள் அவள்.

“பேசாம வா. மூச்சு வாங்கப் போவுது.”

“வாங்கட்டும். ஓடிப்போறவங்களுக்கு மூச்சு வாங்காதா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியபிறகு பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் இந்தத் தாலுகாவிலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி ஸ்டார்ட்டரை உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

அன்பரசி முப்பத்தொரு வருடம் ஜவ்வாது மலையில் கிராம சுகாதார நர்சாக இருந்தவள். ஆலங்காயத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஜமுனாமரத்தூருக்குப் போய், அங்கிருந்து கொட்டாய் கொட்டாயாக, ஒவ்வொரு மலைக் குக்கிராமத்துக்கும் நடந்து ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, மாலை பஸ்ஸில் திரும்புவாள். மேலே இறங்கியதும் அவள் செய்யும் முதல் வேலை பாயம்மா கடையில் காலை டிபன். அதில் ஒரு நாள் தவறியதில்லை. ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கடையின் வடகறியைப் பற்றிப் பேசுவாள். “ஒரு நாள் வாங்களேன்” என்பாள். ஆதிநாராயணன் பால் சங்கத்தில் பால் அளப்பவர். மாடு எந்த நாளும் லீவு விடுவதில்லை. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் அவர் கேன்களுக்கு நடுவே நின்றாக வேண்டும். “வரலாம் வரலாம்” என்று சொல்லிச் சொல்லியே அவளும் ஓய்வு பெற்றாள், அவரும் ஓய்வு பெற்றார். அப்புறம் பேரப்பிள்ளைகள். அதற்கப்புறம் அவளுடைய இதயம்.

இதயம் பெருத்துப்போய்விட்டது என்றார் வேலூர் டாக்டர். பாதிகூட வேலை செய்யவில்லையாம். உப்பு கூடாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. மருமகள் கலைவாணி உப்பில்லாத இட்லி, உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத கஞ்சி என்று எட்டு மாதமாகத் தனி அடுப்பே வைத்திருந்தாள். போன வாரம் டாக்டர், மகன் இளவழகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் வெளியே வந்தபோது அன்பரசி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, வா, வூட்டுக்குப் போலாம்” என்று மட்டும் சொன்னாள். அந்த மாதிரி முகத்தோடு வெளியே வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

நேற்று மாலை, மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தவள், தன் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை.

“வீக்கம் வடிஞ்சிகீது. மூச்சும் பரவால்ல. இந்த மாதிரி ஒரு நாள் வரும். அப்பால வராது” என்றாள். பிறகு, “எனக்கு பாயம்மா கடைக்குப் போவணும்.”

“வடகறி வேணுமாம்மா? நான் பார்சல் வாங்கியாறேன். ரவ உப்பு போட்டா ஒன்னும் ஆவாது” என்றான் இளவழகன். வாணியம்பாடியில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவன். எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிறவன்.

“வடகறி வேணாம். அந்தக் கடை வேணும்.”

“மலை ரோட்டுல எப்படிம்மா? சொம்மா இரு.”

 அவள் திரும்பி ஆதிநாராயணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டவர்தான் கொண்டிக்கு எண்ணெய் விட்டார். காலையில் காபி பில்டருக்கு அடியில் ஒரு சீட்டு எழுதி வைத்தார்: ‘நானும் அம்மாவும் மேல போறோம். மத்தியானம் வந்துடுவோம். பயப்படாதீங்க.’

பஸ் நிலையத்தில் முதல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஆனந்தன் படிக்கட்டில் நின்று பீடியைத் தூக்கி எறிந்தான். துண்டால் கட்டப்பட்டு வந்து நின்ற இருவரையும் பார்த்து அவனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓடி வந்தான்.

“நர்சம்மா! இன்னாம்மா இது? உடம்பு சரியில்லன்னாங்களே!”

“சரியில்லதான். அதுக்குன்னு டிபன் சாப்பிட வேணாமா? தூக்கி வுடு என்னை.”

முடிச்சு இறுகிப்போயிருந்தது. ஆதிநாராயணனால் அவிழ்க்க முடியவில்லை. ஆனந்தன்தான் அவிழ்த்து, அவளை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, முன்பக்கத்து ஒற்றை சீட்டில் வைத்தான். “இது உங்க சீட்டும்மா. இன்னிக்கு ரூட்டே உங்களுக்காகத்தான்” என்றான். பத்துப் பதினைந்து பேர்தான் பஸ்ஸில். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆதிநாராயணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார். சீட் காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் அவள் பேச ஆரம்பித்தாள். அவ்வளவு நாளும் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியவள், ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, வளைவுக்கு வளைவு ஒரு கதை சொன்னாள். இந்த வளைவில்தான் பஸ்ஸிலேயே ஒரு பிரசவம் பார்த்தேன், பொம்பளைப் பிள்ளை, இப்போது போலீசில் இருக்கிறாள். இந்தப் பாறைக்குக் கீழேதான் கரடி ஒன்று என்னைப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போனது. அந்தப் பலாமரத்தடியில் மழைக்கு ஒதுங்கி ஒரு மணி நேரம் நின்றேன். ஆதிநாராயணன் இதையெல்லாம் ராத்திரிச் சோற்றின்போது கேட்டவர்தான். ஆனால் பாறையையும் மரத்தையும் அவர் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் குனிந்து, அது பின்னால் போய் மறையும்வரைக்கும் பார்த்தார்.

காவலூர் தாண்டியதும் அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. இளவழகன்.

“எடுக்காதீங்க.”

“பாவம்டி. பயந்துக்குவான்.”

“சீட்டு எழுதி வெச்சீங்கல்ல? எடுத்தா திரும்பி வாம்பான். நீங்க திரும்பிடுவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?” அவள் அவர் பையிலிருந்து போனை எடுத்து, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது அவள் பேச்சு நின்றது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியது. உதட்டோரம் நீலம் பாய்ந்ததை அவர் பார்த்தார். குனிந்து அவள் தோளைத் தாங்கிக்கொண்டார்.

“நிறுத்தச் சொல்லட்டா? எறங்கிடலாமா?”

அவள் கண்ணை மூடி, மூக்கால் இழுத்து, வாயால் ஊதினாள். பிரசவ வலியில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அதே மாதிரி. நாலு முறை. ஐந்து முறை. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“எறங்கினீங்க, கொன்னுடுவேன்.”

ஆனந்தன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் வளைவுகளில் பஸ் நீர்மேல் போவதுபோல் போயிற்று. நிறுத்தமே இல்லாத இடத்தில், கடையின் வாசலை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான்.

கடைக்குப் போர்டு கிடையாது. தகரக் கூரை, முன்னால் இரண்டு அடுப்பு, உள்ளே ஆறு பெஞ்சு. இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி கிளம்பி ரோடு வரைக்கும் வந்தது. சந்தை நாள் ஆனதால் உட்கார இடமில்லாமல் ஆட்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றே சாப்பிட்டார்கள். தோசைக் கல்லின் முன்னால் நின்றிருந்த தாஹிரா, ஊரே பாயம்மா என்று கூப்பிடுகிறவள், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தவள், இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவரும் ஆளைப் பார்த்தாள். கையிலிருந்த தோசைத் திருப்பி கல்லின் மேலேயே விழுந்தது.

“யா அல்லா! நர்சக்கா!”

“தோசை கருகுது பாரு” என்றாள் அன்பரசி.

அவ்வளவுதான். கடை முழுக்கச் சத்தமாகிவிட்டது. அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவளிடம் திட்டு வாங்கியவர்கள், அவள் கையில் பிறந்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூலையில், அடுப்பின் சூடு படும் சுவரை ஒட்டிய இடம்தான் அவளுடையதாம். அங்கே பாதி சாப்பாட்டில் இருந்த புளி வியாபாரி தட்டோடு எழுந்து ஓடினார். அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் எழுந்து நின்றாள். அவள் கீதாஞ்சலி, இப்போதைய கிராம நர்ஸ், அன்பரசியின் இடத்துக்கு வந்தவள். அன்பரசியின் உதட்டையும் நகத்தையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அம்மா, இந்த நிலைமையில நீங்க மேல வந்திருக்கவே கூடாது.”

“தெரியும். நீ சரியாத்தான் சொல்ற. மத்தவங்களுக்கும் இதே மாதிரி கண்டிச்சு சொல்லு. என்னை மட்டும் இன்னிக்கு வுட்டுடு.” அவள் ஆதிநாராயணனின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். “தாஹிரா, இவருதான்.”

தாஹிரா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பால் சங்கத்து அண்ணனா! ஒரு வழியா வந்துட்டீங்களா? முப்பது வருசமா உங்களப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்கு உங்க சட்டை அளவுகூடத் தெரியும்.”

ஆதிநாராயணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

இலை வந்தது. இலையில் இட்லி வந்தது. வடகறி வந்தது. அவர் கையை வைக்கப் போனார். அன்பரசி தட்டிவிட்டாள்.

“அப்படியில்ல. மொதல்ல இட்லிய ரெண்டா பிய்ச்சி சூடு போவட்டும்னு வுடணும். வடகறிய பக்கத்துல ஊத்திக்கக் கூடாது, மேல ஊத்தணும். ஊத்திட்டு அம்பது எண்ணணும். அதுக்குள்ள சட்னிய ஒரு விரல் நக்கிக்கலாம்.”

“அம்பது எண்ணணுமா?”

“எண்ணுங்க.”

எண்ணினார். உண்மையாகவே வாய்க்குள் எண்ணினார். நாற்பது வந்தபோது அவளே பொறுக்கமாட்டாமல் ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

உடனே மென்றுவிடவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எட்டு மாதம் கழித்து உப்பு. கன்னத்து எலும்பின் மேல் தோல் மெல்ல ஏறி இறங்கியது. தாஹிரா தோசைத் திருப்பியோடு நின்றாள். கீதாஞ்சலி நின்றாள். பஸ்ஸை எடுக்காமல் ஆனந்தனும் வாசலில் நின்றான். விழுங்கிவிட்டு, கண்ணைத் திறந்து, தாஹிராவைப் பார்த்துச் சொன்னாள்:

“உப்பு தூக்கலா கீது.”

கடையே வெடித்துச் சிரித்தது. “பாத்தியா! பாத்தியா! சாவக் கெடந்தாலும் இவங்க வாய் நிக்காது” என்று தாஹிரா தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணே, தினம் இதே கூத்துதான். சாம்பார்ல உப்ப கொற, மலையில பாதி பேருக்கு பி.பி. கீதுன்னு என் அடுப்படியில வந்து நின்னு கத்துவாங்க. நான் கொறச்சேன்னா இவங்களே இலையில தனியா உப்பு கேப்பாங்க!”

“எனக்கு பி.பி. இல்ல அப்போ” என்றாள் அன்பரசி, வாய் நிறைய இட்லியோடு.

ஆதிநாராயணன் சாப்பிட்டார். வடையை வேகவைத்து உதிர்த்து, சோம்பும் பட்டையும் மணக்கச் செய்திருந்த குழம்பு இட்லிக்குள் ஊறி, உள்ளங்கைச் சூட்டில் குழைந்தது. அவருக்குச் சமையலைப் பற்றிப் பேசத் தெரியாது. “நல்லாகீது” என்றார். அது போதாது என்று பட்டு, “ரொம்ப நல்லாகீது” என்றார். அவள் தன் இலையிலிருந்து ஒரு மெதுவடையை எடுத்து அவர் இலையில் வைத்தாள். முகத்தில் அப்படியொரு பெருமை. தானே செய்ததுபோல.

இரண்டு இட்லிக்கு அப்புறம் செட் தோசை. தோசை வருவதற்குள் தாஹிரா சொன்னாள்:

“எட்டு மணி ஆனா போதும், ‘இப்ப அவரு கேனெல்லாம் லாரியில ஏத்திட்டு டீ குடிக்க உக்காருவாரு, எனக்கும் ஒரு டீ குடு’ம்பாங்க. அந்த டீயக் குடிச்சிட்டுத்தான் கொட்டாய்க்கு கெளம்புவாங்க. ஏழே முக்காலுக்குக் குடுத்தா வாங்க மாட்டாங்க.”

ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். எட்டு மணிக்கு அவர் டீ குடித்த நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. லாரி தாமதமாகும், பால் திரிந்துபோகும், யாராவது தண்ணீர் கலந்துவிட்டுச் சண்டை போடுவார்கள். எப்போதோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது, எட்டு மணிக்கு டீ குடிப்போம் என்று வீட்டில் சொல்லியிருப்பார். அவள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் அதைத் திருத்தவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“எட்டாகப் போவுது. ரெண்டு டீ குடும்மா” என்றார்.

செட் தோசையை முடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தார்கள். அவள் ஒவ்வொரு மிடறுக்கும் ஊதினாள். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவரோடு படவேடு கோயிலுக்குப் போய், கூட்டத்தில் முண்டியடித்து முதல் வரிசைக்கு வந்துவிட்டு, திரும்பி அவரைப் பார்த்தபோது இருந்த கண்.

டம்ளரை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். “முதுகுக்கு இதமா கீது” என்றாள். “அடுப்பு இந்தச் சுவருக்குப் பின்னாலதான். தினம் ரெண்டு நிமிஷம் இப்படி சாஞ்சிட்டுப் போவேன்.”

“இன்னும் ரெண்டு நிமிஷம் சாஞ்சிக்கோ. பஸ் கெளம்ப நேரம் கீது.”

“நர்சக்கா, ஒரு பொடி தோசை போடட்டா? நெய் வுட்டு?” தாஹிரா கல்லிலிருந்து கத்தினாள்.

அவள் பதில் சொல்லவில்லை. ஆதிநாராயணன்தான் சொன்னார். “போடும்மா. அவ பாதி, நான் பாதி.” அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் பக்கம் பாதி திரும்பி, ஆனால் தோசைக் கல்லையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வீக்கம் இதேமாதிரி வடிந்திருந்தால் படவேட்டுக்கே போகலாம் என்றார். இளவழகனிடம் ஒளித்து வைக்க வேண்டாம், அவனையும் கூட்டிக்கொண்டு வரலாம், அவனும் இந்தக் கடையில் சாப்பிட்டதில்லையே என்றார். கலைவாணிக்கு வடகறி எப்படிச் செய்வதென்று தாஹிராவைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். தோசை வந்தது. நெய் விளிம்பில் பொரிந்துகொண்டிருந்தது. இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவள் இலையில் வைத்தார்.

“சூடா சாப்புடு.”

அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. வலது கை மடியில், விரல்கள் குவிந்து, அடுத்த விள்ளலுக்குத் தயாராக இருப்பதுபோல் இருந்தது.

“அன்பரசி” என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், “ஏ, அன்பு.”

கீதாஞ்சலி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். இமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

“போய்ட்டாங்கப்பா” என்றாள். “வலியே இல்லாம போய்ட்டாங்க. நாடி இருந்தா இந்நேரத்துக்குத் தெரிஞ்சிருக்கும்.”

தாஹிரா இரண்டு அடுப்பையும் அணைத்தாள். வெகுநேரம் சீறிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் கடை பெரிதாகத் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இலையை மடிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்றார்கள். யாரும் ரோட்டைத் தாண்டிப் போகவில்லை. கடைக்குப் பின்னால் தாஹிராவின் வீடு. அங்கே பாய் விரித்து, ஆனந்தனும் இன்னும் இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினார்கள்.

ஆதிநாராயணன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வலது கையில் நெய்யும் பொடியும் காய்ந்துகொண்டிருந்தன. எழுந்து கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தாஹிராதான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, இலையின் மேலேயே அவர் கையைப் பிடித்துக் கழுவிவிட்டாள்.

“அண்ணே, இந்தச் சாப்பாடு குடுத்தது தப்பாண்ணே?” என்றாள் குரல் உடைந்து.

அவர் இல்லையென்று தலையாட்டினார். 

போன் அவள் ரவிக்கையில் இருப்பதைக் கீதாஞ்சலியிடம் சொல்லி எடுத்துவரச் செய்தார். ஆன் செய்ததும் பதினொரு தவறிய அழைப்பென்று மெசேஜ் வந்தது. அவர் அடிப்பதற்குள் பன்னிரண்டாவது வந்தது. இளவழகன் வரும் வழியில் காவலூரில் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசினான். அவர் சொன்னார். அந்தப் பக்கம் வெறும் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைன் துண்டானது.

அவன் வந்து இறங்கியபோது ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. நேராக உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, கடையில் அப்பாவின் எதிரில் நின்றான்.

“ஏன்ப்பா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் கூட்டினு வந்திருக்க மாட்டேனா?”

“மாட்டப்பா” என்றார் ஆதிநாராயணன்.

 இளவழகன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது.

“ஆமா. மாட்டேன்” என்றான்.

இருவருக்கும் நடுவில் ஈ ஒன்று மேஜையில் நடந்துபோயிற்று. வெளியே, அவளைக் கீழே கொண்டுபோக யாரோ ஜீப்பைப் பின்னால் எடுத்தார்கள். கிளீனர்போல ஆனந்தனே ‘வா, வா’ என்று வழிகாட்டும் குரல் கேட்டது.

“இன்னா சாப்ட்டாங்க?” என்றான் இளவழகன்.

ஆதிநாராயணன் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டு இட்லி என்றார். வடகறியைப் பக்கத்தில் ஊற்றக் கூடாது, மேலே ஊற்றி ஐம்பது எண்ண வேண்டும், ஆனால் அவளே நாற்பதில் எடுத்துவிட்டாள் என்றார். உப்பு தூக்கல் என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்ததைச் சொன்னார். கரடியைச் சொன்னார். பஸ்ஸில் போனைப் பிடுங்கி ஒளித்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. திருவிழாவுக்குப் போய்வந்த பையனின் குரல்போல் ஆகிவிட்டதை அவரால் அடக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, அவர் அதைத் துடைக்கவுமில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. “எறங்கினா கொன்னுடுவேன்றாடா” என்றார்.

இளவழகனுக்கு ஒரு சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. ஆதிநாராயணன் எட்டி அவன் தலையில் கைவைத்தார்.

பத்து மணி வாக்கில் ஜீப் கீழே இறங்கியது. தாஹிரா ரோடு திரும்பும் இடம்வரைக்கும் கூடவே நடந்து வந்து நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட ஆள் வந்திருந்தது. கலைவாணி கட்டிப்பிடித்து அழுதாள். தெருவே கூடிவிட்டது. வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருவர் அடுக்கிலிருந்து பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. அவளை அதில் வைத்து, மாலை போட்டார்கள். ஆதிநாராயணனை ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் ஒரு டம்ளரில் காபியும் தட்டில் இரண்டு பன்னும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“குடிங்கண்ணா. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல பட்டிருக்காது. எடுக்கறதுக்கு சாயங்காலம் ஆவும். வெறும் வயித்தோட இருந்தா மயக்கம் போட்டுருவீங்க.”

ஆதிநாராயணன் டம்ளரைப் பார்த்தார். சுற்றி நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

“வேணாம்மா.”

“ரவோண்டு குடிங்க.”

“வயிறு ரொம்பிகீதும்மா” என்றார், தரையைப் பார்த்தபடி.

குப்பம்மாளுக்குப் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்பதுபோல் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் பெட்டியின் ஒயரைச் சுவரில் செருகிக்கொண்டிருந்த இளவழகன் நிமிர்ந்தான்.

“சாப்ட்டுட்டாங்கக்கா” என்றான். “அம்மாவும் அப்பாவும் காலையில ஒன்னா டிபன் சாப்ட்டாங்க.”

  குப்பம்மாள் டம்ளரை இளவழகனிடம் நீட்டினாள். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயிலில் நின்றபடியே குடித்தான்.